குழாய் வழியே மலையேறுதல்

பெல்மதுளைச் சந்தியிலிருந்து பலாங்கொடைப் பக்கம் போனாலும் எம்பிலிப்பிட்டிப் பக்கம் திரும்பினாலும், கடைத்தெரு முடிந்த சற்று நேரத்தில் தேயிலையும் இறப்பரும் தொடங்கிவிடும். அவற்றின் நடுவே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இலங்கையின் ஈரவலயத்திலும் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று இது. மாணிக்கக் குழிகளில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கே பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. அதே ஊர்களில், விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பீலிக்கரையில் தண்ணீர் நூலாக விழுகிறது. வேலைக்கு ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் சோறு ஆக்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பெண்கள், குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்து நிற்கிறார்கள்.

கீழ் லயத்தில் ஓரளவு வருகிறது. மேட்டு லயத்தின் கடைசிக் காம்பிராவுக்கு வருவதில்லை. உடனே ஆள் அனுப்புவார்கள். "அண்ணே, மேல இன்னுங் கொஞ்சம் தொறந்து விடுங்க." தண்ணீர் பார்க்கிறவர் மலையேறிப் போய் டாங்கியின் வால்வை மேலும் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு வருவார். அன்றைய பாடு தீரும். அடுத்த வாரம் இன்னொரு சுற்று. வால்வு முழுதாகத் திறந்துவிட்ட பிறகு திருப்புவதற்குச் சுற்று இருக்காது. அப்போதுதான் 'தண்ணீர்ப் பிரச்சினை' என்ற பெயரில் அது தோட்டத் துரையிடமும் தொழிற்சங்கத்திடமும் போய்ச் சேரும். அதற்குள் பல மாதங்கள் போயிருக்கும்.

குழாயில் அழுத்தம் குறைவது ஒரு நோய்க்குறி மட்டுமே. எந்த நோய் என்பதைக் குழாய்வாயில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. மலையிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீரின் கணக்கு எளிமையானது: டாங்கியின் நீர்மட்டம் குழாய்வாயைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், அழுத்தம் ஏறத்தாழ 1 பார். முப்பது மீட்டர் என்றால் 3 பார். மின்சாரமோ பம்போ வேண்டாம், உயரம் ஒன்றே போதும். அந்த உயரம் இன்னும் அங்கேயே இருக்கிறது, மலை தாழ்ந்துவிடவில்லை. ஆகவே அழுத்தம் குறைகிறது என்றால், இடையில் எங்கோ அது செலவாகிறது. எங்கே செலவாகிறது என்பதுதான் கேள்வி.

குழாயடியில் ஒரே மாதிரி தோன்றும் மூன்று கோளாறுகள் உண்டு. முதலாவது, ஊற்றிலேயே நீர் குறைவது. ஜனவரி, பெப்ரவரி வரட்சியில் இது இயல்பு. ஊற்றுக்கு மேலே காடு வெட்டப்பட்டிருந்தால் இயல்பைவிட மோசமாகும். இரண்டாவது, வழியில் அடைப்பு. பழைய இரும்புக் குழாய்களின் உட்பக்கம் துருவேறித் துவாரம் சுருங்கியிருக்கும். பள்ளமான இடங்களில் மண் படிந்திருக்கும். மேடான வளைவுகளில் காற்று சிக்கியிருக்கும். குழாய் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டும் வராமல் நிறுத்திவிடச் சிக்கிய காற்றால் முடியும். மேட்டில் காற்றுப் போக ஒரு வால்வும் பள்ளத்தில் மண் கழுவ ஒரு வால்வும் வைப்பது அதனால்தான். மூன்றாவது, கசிவு.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட வேண்டும். டாங்கிக்குள் வரும் வழியையும் அடைத்துவிட்டு, நீர்மட்டத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு போட வேண்டும். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், மட்டம் கோட்டிலேயே நின்றால் குழாய் கசியவில்லை; குறை ஊற்றிலோ அடைப்பிலோ இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள டாங்கியில் மட்டம் ஐந்து சென்ரிமீட்டர் இறங்கியிருந்தால், யாரும் பிடிக்காத இருநூறு லீற்றர் தண்ணீர் எங்கோ போயிருக்கிறது. பிறகு நடுவழி வால்வைப் பூட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மேற்பாதியா கீழ்ப்பாதியா என்று தெரியும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். மூன்று நான்கு இரவுகளில் கசிவு இரண்டு வால்வுகளுக்கு இடையில் சிக்கிவிடும். மிச்சத்தைப் பச்சைப் பசேலென்று வளர்ந்திருக்கும் புல் காட்டிக்கொடுக்கும்.

இதே சோதனையைக் குளிர்நாட்டு வீடுகளிலும் செய்கிறார்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் கொதிகலன் ஒன்று சுவரில் தொங்கும். அது சுடவைக்கும் தண்ணீர் மூடிய குழாய்களில் அறை அறையாகச் சுற்றி, சுவரோரத் தகட்டுக் கூடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். குளிர்ந்திருக்கும்போது அதன் அழுத்தமானியின் முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். சில வீடுகளில் தினமும் காலையில் அது சுழியத்துக்கு அருகே விழுந்து கிடக்கும். கொதிகலன் இயங்க மறுக்கும். கீழே ஒரு சிறு குழாய் இருக்கிறது, அதைத் திறந்து தெருக் குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டால் முள் ஏறிவிடும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் அப்படித்தான் செய்வார்கள். மறுநாளும் அதையே செய்வார்கள். விசயம் தெரிந்தவர் வந்தால் முதலில் கொதிகலனுக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் இடையிலுள்ள வால்வுகளைப் பூட்டுவார். முள் நின்றால் குறை வீட்டுக் குழாயில், விழுந்தால் கொதிகலனுக்குள்.

அந்தக் கொதிகலனுக்குள் நடக்கக்கூடிய ஒரு கோளாறு என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. தண்ணீர் சூடேறினால் விரியும். பத்துப் பாகையிலிருந்து எண்பது பாகைக்குச் சூடாக்கப்படும் நூறு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ மூன்று லீற்றர் கூடுகிறது. அந்த மூன்று லீற்றருக்கு இடம் கொடுக்கவே ஓர் இரும்புக் கலம் வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் இறப்பர்த் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்று போய்விட்டாலோ திரை கிழிந்தாலோ விரியும் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 3 பாரைத் தொடும்போது பாதுகாப்பு வால்வு திறந்து, தண்ணீரை வீட்டுக்கு வெளியே துப்பிவிடும். யாரும் பார்க்காத நேரம் அது. பிறகு எல்லாம் ஆறும்போது முள் சுழியத்துக்கு இறங்கிவிடும். வீட்டுக்காரர் காலையில் காண்பது அழுத்தக் குறைவை. அதற்குக் காரணமோ இரவில் வந்த அழுத்த மிகுதி.

இந்த உண்மை பெல்மதுளை மலைச்சரிவுக்கும் அப்படியே பொருந்துகிறது. நம் கடைகளில் பீவீசி குழாய்க்கு 600 என்றும் 1000 என்றும் வகை சொல்லி விற்கிறார்கள். 600 என்றால் 600 கிலோபாஸ்கல், அதாவது சுமார் அறுபது மீட்டர் உயர நீரைத் தாங்கும். எண்பது மீட்டர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து, விலை குறைவென்று இந்தக் குழாயை நேராகக் கீழே இறக்கிவிட்டால் பகலில் ஒன்றும் ஆகாது. குழாய்கள் திறந்திருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், உராய்வில் அழுத்தம் கரைந்துபோகும். இரவில் எல்லோரும் குழாயைப் பூட்டியதும் ஓட்டம் நிற்கும். எண்பது மீட்டரின் முழுப் பாரமும் அடியிலுள்ள மூட்டுகளின்மேல் உட்காரும். ஏதோ ஓர் இரவில் ஒரு மூட்டு வாய் பிளக்கும். காலையில் தண்ணீர் வரவில்லையென்று வால்வை மேலும் திறப்பார்கள். இடைவழியில் ஒரு சிறு தொட்டி கட்டி அழுத்தத்தை முறித்திருந்தால், அல்லது அடிப்பகுதிக்கு 1000 வகைக் குழாய் போட்டிருந்தால், இந்த வேலையே வந்திருக்காது.

கொதிகலனில் தினமும் புதுத் தண்ணீர் விடுவதற்கு இன்னொரு தண்டனையும் உண்டு. புதுத் தண்ணீரோடு புது ஒட்சிசனும் உள்ளே போகிறது. மூடிய வட்டத்தில் ஒரே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் அதிலுள்ள ஒட்சிசன் விரைவில் தீர்ந்து துரு நின்றுவிடும். தினமும் நிரப்பினால் துருவுக்குத் தினமும் தீனி கிடைக்கிறது. உள்ளேயுள்ள இரும்பு கரைந்து கறுப்புச் சேறாகிக் குழாய்களை அடைக்கும், தகடுகள் ஓட்டையாகும், முதலில் இருந்த ஒரு கசிவு நான்காகும். தற்காலிகமாக நிரப்பிக்கொண்டே இருப்பது கோளாறை மறைப்பதோடு நில்லாமல் வளர்க்கவும் செய்கிறது. தோட்டத்தில் தண்ணீருக்கு நாம் செய்துவந்த பரிகாரங்களை எண்ணிப் பார்க்கும்போது இதை என்னால் மறக்க முடிவதில்லை.

தோட்டத்துப் பரிகாரம் என்ன? மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டாங்கி வரும். தேர்தல் கிட்ட வந்தால் இரண்டு வரும். அவற்றை நிரப்புவதும் அதே கசியும் குழாய்தான். மூட்டில் சைக்கிள் டியூபை வெட்டி இறுகச் சுற்றுவார்கள். அது ஒரு மழைக்காலம் தாங்கும். ஒருவர் சொந்தச் செலவில் மெல்லிய குழாய் வாங்கி வழியிலேயே தொடுப்புப் போட்டுத் தன் காம்பிராவுக்கு இழுத்துக்கொள்வார்; அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொடுப்பும் ஒரு புதிய மூட்டு. ஒவ்வொரு மூட்டும் இன்னோர் இரவுக்குக் காத்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்த் துவாரம் ஒன்று, முப்பது மீட்டர் நீருயரத்தின் கீழ், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் லீற்றரை வெளியேற்றும். ஆளுக்கு நாளைக்கு ஐம்பது லீற்றர் என்ற அடிப்படைத் தேவையை வைத்துப் பார்த்தால் நூற்றெண்பது பேரின் தண்ணீர் அது. ஓர் ஆணி ஓட்டைக்குள் ஒரு முழு லயத்தின் காலைப்பொழுது போய்விடுகிறது.

அப்படியானால் ஏன் யாரும் குழாய் வழியே நடந்து போய்ப் பார்ப்பதில்லை? சோம்பல் என்று சொல்பவர்கள் தோட்டத்தை அறியாதவர்கள். ஒரு நாளில் இந்தச் சரிவுகளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறார்கள் என்று கொழுந்தெடுக்கும் பெண்ணைக் கேட்டால் தெரியும். நடப்பதற்கு உரிமை வேண்டும். குழாய் போகும் மலை அவர்களுடையதல்ல, குழாயும் அல்ல. வால்வின் திறப்பு ஒருவர் கையில் இருக்கிறது. அவரும் கூலிக்கு வேலை செய்கிறவர், மேலேயிருந்து சொல்லாமல் ஒரு மூட்டை மாற்ற அவராலும் முடியாது. வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட குழாய் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தோடு அரசின் கைக்கு வந்தது. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. இத்தனை கைமாற்றத்திலும் குழாய் மண்ணுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ஒரு காகிதம் பத்திரமாக வந்து சேர்ந்த தோட்டத்தை நான் கண்டதில்லை. ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் நினைவில்தான் அது இருக்கும். "அந்தப் பெரிய பலா மரத்துக்குக் கீழ ஒரு வளைவு இருக்குங்க" என்பார். பலா மரத்தை வெட்டி வருசங்களாகியிருக்கும்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் நிலை வேறு. 1993இல் தொடங்கிய சமுதாய நீர் வழங்கல் திட்டம் ஒன்று, உலக வங்கிக் கடனுதவியோடு பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களில் நடந்தது. அதில் கிராமத்தார் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் உழைப்பையும் பங்காகக் கொடுத்து, ஊற்றிலிருந்து வீடுவரை குழாய் போட்டார்கள். பராமரிப்பு சங்கத்தின் கைக்கு வந்தது. வாய்க்கால் வெட்டியவருக்குக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியும். குறைகள் அங்கும் உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்தால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேளாமல் மலையேறலாம்.

தோட்டத்தாருக்கு அந்த வழியைச் சட்டமே அடைத்து வைத்திருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாமல் இருந்தது. வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிந்தெடுக்கலாம்; தெரிந்தெடுக்கப்பட்டவர் தன் சொந்த லயத்துக்கு ஒரு குழாய் போட சபையின் பணத்தைக் கேட்க முடியாது. அந்தத் தடை 2018இல் திருத்தப்படும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒரு தலைமுறை முழுதும் பீலிக்கரை வரிசையில் நின்று வளர்ந்து, அதே வரிசையில் தன் பிள்ளைகளை நிறுத்தியது. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களில் வீடு வாசலை விட்டு ஓடிய குடும்பங்கள் திரும்பி வந்தபோதும் அந்த வரிசைக்கே வந்தன. சட்டம் திருந்தியது பெரிய காரியம். ஆனால் திருத்தம் தானாகப் பள்ளம் தோண்டி மூட்டை மாற்றாது. சபையில் தீர்மானமாகி, மதிப்பீடாகி, கம்பெனியின் சம்மதம் பெற்று, வேலையாக இறங்க வேண்டும். அந்த ஒவ்வொரு படியிலும் தாமதம் கசிகிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றையும் அல்ல. தோட்டந்தோறும் ஊற்றிலிருந்து கடைசிக் குழாய்வரை ஒரு வரைபடம் போடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு ஒரு சனிக்கிழமை நடந்தால் அதைப் போட்டுவிடலாம். முந்நூறு மீட்டருக்கு ஒரு வால்வு வையுங்கள். அதன் திறப்பில் ஒன்று லயத்தாரின் பொறுப்பில் இருக்கட்டும். தண்ணீர் பார்க்கிறவருக்கு அழுத்தமானி ஒன்று வாங்கிக் கொடுத்து, மாதம் ஓர் இரவு அந்தக் கரிக்கோட்டுச் சோதனையைச் செய்ய வையுங்கள். அந்த இரவுக்கும் பேர் போட்டுச் சம்பளம் கொடுங்கள். பெண்களைக் கலந்துகொள்ளுங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மெலிகிறது என்ற கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இத்தனை காலமும் யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதில் அவசரம் காட்டுவதற்குத் தண்ணீர்ப் பஞ்சத்தைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. கசியும் தண்ணீர் எங்கே போகிறது? மலைக்குள் போகிறது. ஏற்கெனவே மழையில் ஊறிக் கனத்த சரிவுக்குள், லயத்துக்கு நேர் மேலே, இரவு பகலாக இறங்குகிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மக்களைக் குடியேற்ற வேறிடம் தயாராகவில்லை. 2016 மே மாதத்தில் நம் சப்ரகமுவ மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அவற்றுக்குக் காரணம் பெருமழையும் மலையின் அமைப்பும். குழாய்க் கசிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவில் தேங்கும் எந்த நீரும் அந்தச் சரிவைப் பலவீனமாக்குகிறது என்பது அறிந்த உண்மை. சரிவிலிருந்து நீரை விலக்கி வடிய வைப்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுப் பகுதிகளில் செய்யும் முதன்மையான வேலைகளில் ஒன்று.

அந்த நிறுவனம் மக்களுக்குச் சொல்லித்தரும் அறிகுறிகளில், நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள் ஆகியவற்றோடு தண்ணீரைப் பற்றியவையும் உள்ளன: புதிதாக ஊற்றுத் தோன்றுவது, இருந்த ஊற்று திடீரென மறைவது, ஊற்று நீர் சேறாகிக் கலங்கி வருவது. ஊற்றிலிருந்து இறங்கும் குழாயில் இவையெல்லாம் முதலில் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தம் சட்டென்று விழும், அல்லது சேற்றுத் தண்ணீர் வரும். மண் நகர்ந்தால் குழாயின் மூட்டு இழுபட்டுப் பிரியும். நாள்தோறும் அழுத்தம் குறைந்துகொண்டேயிருக்கும் தோட்டத்தில் இந்த அறிகுறியை யார் கவனிப்பார்கள்? வழக்கம்போலத்தான் என்று நினைத்துவிடுவார்கள். குழாயைச் செம்மையாக வைத்திருக்கும் தோட்டத்தில் மட்டுமே திடீர்க் குறைவு திடுக்கிட வைக்கும்.

ஆகவே அடைமழை நாளில் குழாயில் தண்ணீர் சட்டென்று நின்றாலோ கலங்கி வந்தாலோ, டியூபும் கத்தியும் எடுத்துக்கொண்டு யாரும் தனியாக மலையேற வேண்டாம். முதலில் கீழ் லயம், மேல் லயம் எல்லோரையும் எழுப்பிச் சரிவின் வழியிலிருந்து விலக்க வேண்டும். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அந்த இலக்கம் ஒவ்வொரு பீலிக்கரைச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அழைக்கும் பெண் பேசுகிற தமிழைக் கேட்டு, தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சரியாக எழுதிக்கொள்ளக்கூடிய ஒருவர் நடுநிசியிலும் மறுமுனையில் இருக்க வேண்டும்.